கவிழ்த்து வைத்த கோப்பைகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொடுப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்துவிட்டேன். ஆகவே நலமா என்று கேட்டாயிற்று, மீதியை என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் ஆபீஸ் ஃபைலைத் திருத்துவது போலத் திருத்திக்கொள், மேனேஜரம்மா.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். நான் இருமினால் அது எந்த வகை இருமல் என்று அங்கிருந்தே சொல்லிவிடுவாள். அவள் காதில் விழக்கூடாத சில விஷயங்கள் இருக்கும். அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் போடுகிறேன்.

விமானத்தில் பெரிய அசம்பாவிதம் எதுவும் நான் செய்யவில்லை. பெல்ட்டை மாட்டத் தெரியாமல் பக்கத்து சீட்டுக்காரருடைய பெல்ட்டை என் இடுப்பில் மாட்டிக்கொண்டேன். அவர் படித்த மனிதர், இறங்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் ஒரே பெல்ட் என்பது பணிப்பெண் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நீ சொன்னபடி மூன்று ஹோட்டல் பார்த்தேன். முதலாவது விமான நிலையத்தை ஒட்டியது. நல்ல கட்டில், நல்ல மனிதர்கள். ஆனால் விமானம் மேலே கிளம்பும்போதெல்லாம் குளியலறைக் குவளை தானாக நடந்து போகிறது. இதயத்தில் ஆபரேஷன் செய்துகொள்ள வருகிற உன் அம்மாவை அங்கே படுக்க வைக்க முடியாது. இரண்டாவது கடைத்தெருவில், டயர் கடைக்கு மேலே. லிஃப்ட் நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். அந்த நாளை எந்த நாளையோ. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கி, இடது கை தோளிலிருந்து இழுத்துப் பிடித்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையைத் தூக்கியதால் வந்தது. பையில் உன் அம்மா கட்டிக்கொடுத்த போர்வைகள். ஹோட்டலில் போர்வை இருக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

மூன்றாவது ஹோட்டலை நான் தேடவில்லை. அதுதான் என்னைத் தேடி வந்தது. டாக்சிக்காரர் ஒருவர், மழையே இல்லாத நாளில் பின் சீட்டில் ஒரு கறுப்புக் குடையைப் படுக்க வைத்திருந்தார். அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். கடைத்தெருவிலிருந்து வண்டியை எடுத்ததும், வேறு நல்ல ஹோட்டல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் கடைசில ஒரே இடத்துக்குத்தான் சார் வருவாங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரி என்று நான் வாயே திறக்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், மடியில் உன் அம்மாவின் எக்ஸ்ரே கவர். என் புத்திக்கு என்னையே பாராட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்கு எதிரே அந்த ஹோட்டல். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் ஓடுகிறது. தரையில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைப்பு. இடுப்பில் சாவிக்கொத்தோடு நிற்கும் ஒரு அம்மாதான் எல்லாம். என்னை விட இளையவராக இருப்பார், ஆனாலும் சாவியம்மா என்றுதான் கூப்பிட வருகிறது. நீங்கள் வருகிற நாளிலிருந்து மூன்று கட்டில் போட்ட பெரிய அறை, அதுவரை எனக்கு ஒரு சின்ன அறை என்று முடிவு செய்து முன்பணம் கட்டிவிட்டேன். யார் யார் வருகிறோம், காலையில் யார் எதில் குடிப்போம் என்றெல்லாம் விசாரித்தார். உன் அம்மாவுக்கு விரல் வீங்கியிருப்பதால் பெரிய கைப்பிடி வைத்த அகலக் கோப்பை வேண்டும் என்றேன். மகள் டீயை வைத்துக்கொண்டு போனையே பார்ப்பாள், அவளுக்கு மூடி போட்ட கோப்பை. எனக்குக் கண்ணாடி டம்ளர் போதும். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற நான் கோப்பையில் குடித்தால் அடுத்தவன் விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்கும் என்றேன். அவர் சிரித்தார்.

இங்கே ஒரு பழக்கம். முன்பணம் கட்டிய அன்றே அந்த அறைக்குரிய சாப்பாட்டு மேசையையும் போட்டுவிடுகிறார்கள், ஆள் வந்து சேர்வதற்கு முன்பாகவே. காலியாக இருந்தால் வேறு யாராவது உட்கார்ந்து பழகிவிடுவார்களாம், பிறகு எழுப்ப மனசு வராதாம். தினமும் சாயங்காலம் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் வந்து, மறுநாள் காலைக்காக எல்லா மேசையிலும் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு இப்போதைக்குச் சுவரோரம் ஒரு சின்ன மேசை. நமக்கு ஒதுக்கியது ஜன்னலோர மேசை, வெளிச்சமானது. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தேன். இரண்டுதான் கவிழ்ந்திருந்தது.

என் தொழிலில் ஒரு பந்தியைப் பார்த்தால் கண் தானாக எண்ணிவிடும். யார் என்ன கேட்டாலும் ஒன்று கூடவே அனுப்புகிறவன் நான். ஒன்று குறைத்து வைத்தால் எனக்குப் பொறுக்காது. சாவியம்மாவிடம் மூன்று பேர் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டு, பெண்ணிடம் சொல்கிறேன் என்றார். மறுநாள் சாயங்காலமும் வாசலிலிருந்தே பார்த்தேன். இரண்டு.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னால் பழைய கதையை எடுப்பாள். உன் சித்தப்பா கல்யாணத்துக்குப் போனபோது பஸ்ஸில் ஆளை எண்ணி, ஒரு ஆள் குறைகிறது என்று வண்டியை நிறுத்தி, நடுரோட்டில் இறங்கி நான் தேடினேனே. ஜன்னலில் தலையை நீட்டி அவள் என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தேடுற ஆளத் தவிர எல்லாரும் இருக்காங்க. ஏறி வாங்க." என்னை நான் எண்ணவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

அம்மாவுக்கு மாத்திரையை நேரத்துக்குக் கொடு. கடையில் பெரிய அண்டாவை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அடியில் ஈயப்பூச்சு விட்டுப்போயிருக்கிறது. மற்றவை அடுத்த கூரியரில்.

உன் அப்பா

---

அன்புள்ள மகளுக்கு,

உன் குறுஞ்செய்தி வந்தது. ஹோட்டலை மாத்துங்க, இல்லன்னா கோப்பை எண்ணுறத நிறுத்துங்க என்று உத்தரவு போட்டிருக்கிறாய். இரண்டில் ஒன்றையும் என்னால் செய்ய முடியவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி. அம்மா பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே.

இந்தச் சாப்பாட்டு அறையில் வந்த நாளிலிருந்தே ஒன்றைக் கவனித்தேன். காலையில் யார் வந்தாலும் உள்ளே வந்து உட்காருவதில்லை. முதலில் வாசலில் நிற்கிறார்கள். அவரவர் மேசையைப் பார்க்கிறார்கள். பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். பசி போலிருக்கிறது, ரொட்டி வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

எனக்கு அடுத்த மேசையில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். வாத்தியாரின் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறிவிட்டார், இரண்டொரு நாளில் ஹோட்டலுக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று வாத்தியார் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அண்ணனுக்கும் சேர்த்து அந்த மேசையில் மூன்று கோப்பை. அவர் நல்ல தமாஷ் பேர்வழி. வாடகைக்கு விட்ட பாத்திரம் திரும்பி வருமா என்று கேட்டார். நசுங்கி வரும், ஆனால் வரும் என்றேன். என் அண்ணனும் அப்படித்தான் வரப்போகிறார் என்றார்.

அன்று சாயங்காலம் நான் அறையில் சும்மா இருக்க முடியாமல் கீழே வந்தேன். சாம்பல் ஸ்வெட்டர்காரி மேசை மேசையாக வைத்துக்கொண்டு போனாள். சத்தமே வராது அவள் கையில். நாற்பது வருஷமாகப் பாத்திரத்தோடு இருக்கிறேன், சத்தமில்லாமல் பாத்திரத்தைக் கீழே வைக்கிற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. வாத்தியார் மேசைக்கு வந்தாள். இரண்டைக் கவிழ்த்தாள். அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். வாத்தியாரின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய், பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வந்து மூன்றாவதாக வைத்தார். வைத்து, அதன் மேல் கையைக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே நின்றார், காற்றில் பறந்துவிடும் என்பது போல. எனக்கு அது எதற்கென்று புரியவில்லை. கூடுதலாக ஒன்று வைக்கிறாரே, நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அந்த மேசையில் இரண்டுதான் இருந்தது. வாத்தியார் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அண்ணன் போய்விட்டார் என்றார். எப்போது தகவல் வந்தது என்று கேட்டேன். "தகவல் காலைல வந்துச்சு. நாங்க நேத்து சாயங்காலமே பாத்துட்டோமே" என்றார். தமாஷ் பண்ணுகிறவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

இது தற்செயல் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் எண்ணுகிற கண் சும்மா இருக்குமா? சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கிற லாரி முதலாளியும் அவர் மகனும் இருக்கிறார்கள். முதலாளியைப் பார்த்தால் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. அவர்கள் மேசையில் இரண்டு இரண்டாகவே இருந்தது. நேற்று அவர் தானே நடந்து வந்து ரொட்டியில் வெண்ணெய் போதவில்லை என்று சண்டை போட்டார். ஒரு இளம் ஜோடி, மாமனாருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் மேசையில் ஒரு நாள் குட்டியாக ஒரு கோப்பை கூடுதலாக இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். நேற்று லிஃப்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள், வாந்தி.

சாம்பல் ஸ்வெட்டர்காரியைக் கேட்டேன். எப்படிம்மா தெரிகிறது என்று. அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. எண்ணி வைப்பதில்லையாம். கை எடுக்கிறது, கை வைக்கிறது, அவ்வளவுதானாம். மூன்று என்று சொன்னார்களே என்றேன். சொன்னார்கள், நானும் மூன்று எடுக்க வேண்டும் என்றுதான் போனேன் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்கள் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது கண்ணைப் பார்க்க மாட்டார்கள். இவள் பார்த்தாள்.

ஜன்னலோர மேசையில் தினமும் இரண்டு, மகளே. அந்த மேசைப் பக்கம் போக மனசு வராமல் வாசலில் நின்றே எண்ணுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் பின்கேட். முன்கேட்டில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வருகிறது. பின்கேட் வழியாகப் போகிற வண்டி சத்தம் போடுவதில்லை.

இன்று காலை நானே டாக்டரைப் பார்க்க முன்கேட் வழியாகப் போனேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வால்வு இருக்கிற நிலைமையில் தள்ளிப்போடுவது என்றால் வேண்டாம் என்பதுதான் என்றார். செய்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். செய்யாவிட்டால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டாளாம். அவர் சொன்னது காதில் ஏறியது. கண்ணில் இருந்த இரண்டு கோப்பை போகவில்லை.

திரும்பி வரும்போது டயர் கடை மாடிக்கே போய்விடலாமா என்று நினைத்தேன். அங்கே போனால் எண்ணிக்கை மாறிவிடுமா என்ன? கோப்பையைப் பார்க்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். உன் அம்மா அடிக்கடி சொல்வாள், பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. அந்தப் பூனைக்கு என் மீசை இருந்திருக்கும்.

ஆகவே இதுதான் என் யோசனை. நீங்கள் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய். அம்மாவிடம் டாக்டர் ஊரில் இல்லை என்று சொல். வீட்டிலேயே இருக்கட்டும். இருக்கிற வரை கண் முன்னால் இருக்கட்டும். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இடது கை வலிக்கு வலது கை எழுத்து ஏன் கோணுகிறது என்று கேட்காதே.

கூரியர் கடையை மூடுவதற்குள் போக வேண்டும்.

உன் அப்பா

---

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தைக் குடைக்காரர் உன் கையில் கொடுத்திருப்பார். நான் விமான நிலையத்துக்கு வந்திருந்தால், அவரிடமிருந்து இதைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டிருப்பேன், நான் அசடு வழிந்தது உனக்குத் தெரியாமலே போயிருக்கும். வரவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை. அம்மா பக்கத்தில் இருப்பாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள். டாக்சி ரசீது என்று சொல். அப்பா எங்கே என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு வேலையாக இருக்கிறார் என்று சொல். அது பொய்யாக இருக்காது.

போன கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்பே போன் செய்து, வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன், அதைக் கிழித்துப் போடு, டிக்கெட்டைத் தொடாதே, கண்டிப்பாக வாருங்கள் என்று சொன்னேன். நீ கோபித்துக்கொண்டாய். ஒரு நாள் வர வேண்டாம் என்கிறீர்கள், மறுநாள் வா என்கிறீர்கள், உங்களை நம்பி எப்படி என்றாய். நியாயம்தான். ஸ்பீக்கரில் இருந்ததால் காரணம் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் கூரியரைப் போட்டுவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஹோட்டலுக்கு வந்தேன். சாவியம்மா மேலே போயிருந்தார். சாப்பாட்டு அறையில் சாம்பல் ஸ்வெட்டர்காரி வேலையை முடித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நம் மேசை மேல் மட்டும் விழுந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு வீம்பு. போவது போகிறோம், பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டே போவோம் என்று உள்ளே நடந்தேன்.

மகளே, உன் அப்பா இத்தனை வருஷம் பாத்திரம் எண்ணிப் பிழைத்தவன். எண்ணத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது. கடையிலும் அப்படித்தானே? கரண்டி நூறு என்றால் நூறு, அதில் எது யாருடையது என்று நான் பார்த்ததே இல்லை. உன் அம்மாதான் பார்ப்பாள். இங்கே இத்தனை நாளும் வாசலில் நின்று இரண்டு இரண்டு என்று எண்ணினேனே தவிர, எந்த இரண்டு என்று பார்க்கவில்லை.

ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் பெரிய கைப்பிடி வைத்த அகலக் கோப்பை. தொட்டுப் பார்த்தேன். அதன் பக்கத்தில் மாத்திரைக்கு ஒரு குட்டித் தட்டு. எதிர் நாற்காலிக்கு மூடி போட்ட கோப்பை. அவ்வளவுதான். மேசை நிறைந்துதான் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று அகலக் கோப்பையைக் காட்டிக் கேட்டேன். முதல் நாளிலிருந்து என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்க டம்ளரையும் கொண்டாந்து வைக்கட்டுமா ஐயா?"

ஒன்று கூடவே வைக்கிறவன் நான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் மனைவி வைத்த கோப்பை ஞாபகம் வந்தது. அது ராத்திரியோடு போனது அவர் அதிர்ஷ்டம். இங்கே ஒன்றைக் கூட வைக்கப்போய், மேசையில் இடம் பற்றாமல் வேறொன்றை அந்தக் கை எடுத்துவிட்டால்? "வேணாம்மா. இது இப்படியே இருக்கட்டும். யாரும் எதையும் மாத்த வேணாம்" என்றேன். ஒரு வாடகைப் பாத்திரக்காரன் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இருப்பதே போதும் என்று சொன்னான்.

நீ கணக்குப் படித்தவள். உடனே உனக்கு ஒன்று தோன்றும். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். நான் இப்போது சுவரோர மேசையில் சாப்பிடுகிறேன், என் டம்ளர் அங்கே இருக்கிறது, அதனால்தான் ஜன்னலோர மேசையில் இல்லை. இவ்வளவுதான் விஷயம். அப்படியே வைத்துக்கொள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் சுவரோர மேசையைத் துடைத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் போனாள். நாளைக்கு நீங்கள் வந்ததும் நான் பெரிய அறைக்கு மாறிவிடுகிறேன் அல்லவா, அதற்காகத்தான் இருக்கும். ஜன்னலோர மேசையையும் பார்த்துவிட்டுத்தான் மாடிக்கு வந்தேன். அதே இரண்டு. கவிழ்த்து வைத்த கோப்பைகள் எனக்கு எப்போதும் தூங்குகிற குழந்தைகள் மாதிரி இருக்கும். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

கை வலியைக் காட்டாமல் விட்டேன் என்று திட்டாதே. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்துகொண்டு அப்படிச் செய்வேனா? காட்டினேன். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். சேருகிறேன், நாளைக்கு வீட்டுக்காரி வருகிறாள், அவளை இறக்கிவிட்டு வந்து சேருகிறேன் என்றேன். அதற்குள் ஏதாவது என்றால் என்று இழுத்தார். தம்பி, ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு வருகிற வழி எனக்கு மட்டும்தான் தெரியும், எழுதி வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கவனமாகப் படி. விமானத்தை விட்டு இறங்கும்போது அம்மாவை நடக்க விடாதே, சக்கர நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன், வரும் வரை சீட்டிலேயே உட்கார்ந்திருங்கள். வெளியே வந்ததும் முதல் வாசலில் ஒரு கூட்டம் பையைப் பிடித்து இழுக்கும். ஹோட்டல் வேண்டுமா, கார் வேண்டுமா என்று உன் அம்மாவை அக்கா என்பார்கள், உன்னையும் அக்கா என்பார்கள். பதில் சொல்லாதே. தண்ணீர்க் குழாயைத் தாண்டி அடுத்த வாசலுக்கு வா. அங்கே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு குடைக்காரர் நிற்பார். வெயிலாக இருந்தாலும் விரித்துத்தான் பிடிப்பார், அதுதான் அடையாளம். நாளைக்கு எத்தனை பேர் என்று என்னிடம் கேட்டார். ஏற்றிக்கொள்ள வேண்டியது இரண்டு பேர் என்றேன். தலையை ஆட்டினார். பணம் கொடுத்தாயிற்று, கேட்க மாட்டார், நீயும் கொடுக்காதே.

பின் சீட்டில் அம்மாவை அவருக்குப் பின்னால் உட்கார வை. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பூங்காவும் பள்ளிக்கூடமும்தான் தெரியும். பின்கேட் உன் பக்கம் வரும். நீ பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அவள் பார்க்க வேண்டாம். ஹோட்டல் வாசலில் சரிவு இடது பக்கம். சாவியம்மா கீழே நிற்பார். அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால், முதலில் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு அப்புறம் போய்க் கேள்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். மற்றது எல்லாம் அப்பாவின் வாயாடித்தனம், இது மட்டும் கட்டளை. நீங்கள் வந்து பார்க்கிறபோது இங்கே எது எப்படி இருந்தாலும், ஆபரேஷன் குறித்த நாளில் நடக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. யார் அழுதாலும், சொந்தக்காரர்கள் போன் செய்து இந்த நேரத்திலா என்று கேட்டாலும், உன் அம்மாவே வேண்டாம் என்றாலும். அவள் சொல்வாள். பிடிவாதக்காரி. அப்போது அவளைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போ. அகலக் கோப்பையை நிமிர்த்தி வைத்து, அவள் கையில் கொடுத்து, இதை அப்பா உனக்காகச் சொல்லி வைத்தார் என்று சொல். அவள் பார்க்கத் தெரிந்தவள். புரிந்துகொள்வாள். முதலில் திட்டுவாள், அதைக் கேட்டுக்கொள், என் பங்கையும் சேர்த்து.

மழைக்காலம் வரும்போது அவளுக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கிக் கொடு. பெரிய அண்டாவை வாடகைக்கு விட வேண்டாம் என்று சொன்னேன், இப்போது சொல்கிறேன், அதை யாருக்காவது சும்மாவே கொடுத்துவிடு. கடையை வைத்துக்கொண்டு நீ திண்டாட வேண்டாம்.

என்னைத் தேடிக்கொண்டு வாசலில் நிற்காதே, மகளே. குடைக்காரர் வண்டியை அங்கே அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள். இந்தத் தடவை நான் என்னையும் சேர்த்துத்தான் எண்ணினேன், ஒரு பிசகும் இல்லை. உன் அம்மா பஸ் ஜன்னலிலிருந்து சொன்னாளே, அதேதான். தேடுகிற ஆளைத் தவிர எல்லாரும் இருக்கிறீர்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறு.

நீங்கள் இரண்டு பேரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா